சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச்சு: திருத்திக் கொடுக்கக் கோரும் புகார்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்கள், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு, வீடு புதுப்பிக்கும் நிறுவனம், புதுச்சேரி.

பொருள்: பூச்சு வேலையிலும் மாடித்தள வேலையிலும் உள்ள குறைகள்.

ஐயா,

முத்தியால்பேட்டை பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு ஒப்பந்தத் தொகை ரூ. 4,80,000 முழுவதையும் செலுத்திவிட்டோம். வைகாசியில் வேலையை முடித்துக் கொடுத்தீர்கள். கார்த்திகை மழைக்குள் கூடத்திலும் தாழ்வாரத்திலும் தரையிலிருந்து மூன்றரை அடி உயரம் வரை உப்புப் பூத்து, பட்டி (பெயிண்டுக்கு அடியில் சுவரை வழவழப்பாக்கத் தேய்க்கும் பூச்சு) அப்பளம் போலப் பெயர்கிறது. தட்டினால் பாதிச் சுவர் வெற்றோசை தருகிறது.

பார்வையிட வந்த உங்கள் இன்ஜினியர், "பழைய வீடுன்னா ஓதம் இருக்கத்தான் செய்யும், எபாக்ஸி அடிச்சு மறுபடி பட்டி பாத்துடலாம்" என்றார். ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், பழையதுதான். பெயர்வது உங்கள் புதுப் பூச்சு.

அது 14 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. அந்தக் காலத்து அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் பட்டை கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆவியாக விட்டுவிடும். நீங்கள் அதைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் கலந்து பூசி, மேலே பட்டியும் எமல்ஷனும் அடித்து மூடினீர்கள். வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறுகிறது. அதோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சை நெம்பித் தள்ளுகிறது. ஈரத்தை உள்ளேயே அடைக்கும் எபாக்ஸிப் பூச்சை அடித்தால் மூன்றரை அடியில் நிற்பது ஐந்தடிக்குப் போகும். போதாக்குறைக்குப் பின்கட்டு முற்றத்தில் சுவரை ஒட்டியே சிமெண்ட் தரை போட்டிருக்கிறீர்கள். அடிச்சுவர் காய இருந்த ஒரே இடமும் அடைபட்டது.

மதிப்பீட்டில் "ஈரச் சோதனை" என்று ரூ. 6,000 எழுதியிருக்கிறது. அந்த அளவீட்டுத் தாளை இதுவரை எங்களுக்குக் காட்டவில்லை.

மாடி இன்னும் கவலைக்குரியது. தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மெட்ராஸ் டெரஸ் அது. ஒழுகிய பழைய தட்டோட்டை (தட்டையான சுட்ட மண் ஓட்டை) எடுக்காமல், 400 சதுர அடிக்கும் மூன்று அங்குலக் கான்கிரீட் கொட்டி, அதன்மேல் கூலிங் டைல்ஸ் பதித்தீர்கள். மூன்று அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 17 கிலோ. டைல்ஸை விட்டுவிட்டாலும் கூடுதலாக ஆறரை டன்னுக்கு மேல் ஏறியிருக்கிறது. கூடத்தின் நடுவே இரண்டு கட்டைகள் கண்ணுக்குத் தெரியத் தொய்ந்துள்ளன. கட்டையின் முனை சுவருக்குள் ஈரத்தில் உளுத்திருந்தால் வெளியே தெரியாது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால்தான் தெரியும். ஒரு முனையைக்கூட யாரும் குத்திப் பார்த்த அடையாளம் இல்லை.

ஒயரிங் பற்றி ஒரு வரி: 9 அங்குல உள்சுவரில் கிடைவாக்கில் இரண்டு அங்குல ஆழம் வெட்டியிருக்கிறீர்கள். சுவர்க் கனத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை அங்குலம் வரைதான் வெட்டலாம்.

வீடு குறைந்த விலைக்குக் கிடைத்ததே சுவரும் மாடியும் இந்த நிலையில் இருந்ததால்தான். மிச்சமான பணம்தான் உங்களிடம் வந்தது. "இந்த விலை வீட்டுக்கு இது போதும்" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்ன பதில் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நாங்கள் கேட்பது இது. முதலில், இந்த வாரமே கூடத்தில் சவுக்கு முட்டு கொடுங்கள். பிறகு மாடிக் கான்கிரீட்டைச் சிறு துண்டுகளாகக் கையால் உடைத்து இறக்கி, உளுத்த கட்டைகளை மாற்றி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடும்படி 60 அடிக்கு ஓரடி வாட்டம் வைத்துத் தட்டோடு பதியுங்கள்.

சுவரில், ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை சிமெண்ட் பூச்சை உளியால் எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் வேண்டாம், செங்கல் ஆட்டம் கண்டுவிடும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து வாரி வெளியேற்றுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். தரைக்கு ஆறு அங்குலம் மேலே, நாலைந்து அங்குல இடைவெளியில் 12 மில்லிமீட்டர் துளையிட்டு, ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் சிலேன் கிரீமை ஏற்ற வேண்டும். துளை 12 அங்குலமாவது உள்ளே போகாவிட்டால் பயனில்லை. முற்றத்தில் சுவரோரம் ஓரடி அகலத்துக்குத் தரையை வெட்டி ஜல்லி நிரப்புங்கள்.

பூச்சு மட்டும் தை பிறந்த பிறகு. நீற்றுச் சுண்ணாம்பு ஒன்று, கழுவிய ஆற்று மணல் மூன்று, இரண்டு கோட், இடையே ஒரு வாரம், மேலே ஈரச் சாக்கு. கலவைக்கு உப்பு போர்த் தண்ணீர் கூடாது. ஒரு வருஷத்துக்கு வெள்ளையடிப்புத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் தேவை. செய்ய இயலாதென்றால், இந்த இரண்டு வேலைக்கும் வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனு செய்வோம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் அதற்குக் கட்டணமும் இல்லை.

இணைப்பு: ஒப்பந்த நகல், ரசீதுகள், அடிக்கோல் வைத்து எடுத்த 22 படங்கள்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்கள்