வதக்குதல், வறுத்தல், பொரித்தல்: மூன்றும் ஒன்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உணவு, பானம், சமையல் தொடர்பான சொற்களைச் சிறுவர்களுக்கு விளக்கும் தங்கள் இதழின் தொடரை, மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளோடு சேர்ந்து வாரந்தோறும் படித்து வருகிறேன். சமையலறைச் சொற்களும் குழந்தைகள் கற்க வேண்டியவை என்று கருதி இடம் ஒதுக்கிய தங்களுக்கு முதலில் என் நன்றி. ஆனால் சென்ற வாரப் பகுதியில் வதக்குதல், வறுத்தல், பொரித்தல் ஆகிய மூன்றுக்கும் 'எண்ணெயில் சமைத்தல்' என்ற ஒரே விளக்கம் தரப்பட்டிருந்தது. "மூன்றும் ஒன்றுதான் என்றால் மூன்று சொற்கள் எதற்கு அம்மா?" என்று என் மகள் கேட்டாள். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அன்று மாலை நறுக்கிய வெங்காயத்தைச் சிறிதளவு எண்ணெயில் இட்டு, மிதமான தீயில் கிளறிக் காட்டினேன். விறைப்பாக இருந்த துண்டுகள் சிறிது நேரத்தில் தளர்ந்து, வெண்மை மங்கி, கண்ணாடி போல ஆயின. வெயிலில் செடி வதங்குவதற்கும் இதற்கும் ஒரே சொல்தான் என்று சொன்னதும் அவளுக்குப் பொருள் விளங்கிவிட்டது. செடியானாலும் வெங்காயமானாலும் உள்ளிருக்கும் நீரை இழப்பதால்தான் துவள்கிறது. வெங்காயம் வதங்குகிறது, நாம் வதக்குகிறோம். வெண்ணெய் உருகுகிறது, நாம் உருக்குகிறோம். பொருளுக்கு என்ன நேர்கிறது, நாம் என்ன செய்கிறோம் என்ற வேறுபாட்டைத் தமிழ் ஓர் எழுத்தைக் கொண்டே காட்டிவிடுகிறது. இந்த அழகைச் சிறுவர் பகுதியில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

வறுத்தல் என்பது பெரும்பாலும் எண்ணெயே இல்லாமல், வெறும் சட்டியில் பொருளின் ஈரம் போகும்வரை சூடேற்றுவது. சிறிது எண்ணெய் விட்டு மொறுமொறுப்பாகச் செய்வதையும் வறுப்பது என்பார்கள். அதையும் ஒரு வரியில் குறிப்பிடலாம். நிலக்கடலையை வறுக்கும்போது எழும் மணத்துக்கும் பழுப்பு நிறத்துக்கும் காரணம், ஏறத்தாழ 140 டிகிரி செல்சியசுக்கு மேல் அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் விரைவாக வினைபுரிவதே. இந்த வினையை 1912ஆம் ஆண்டில் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீரின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால், அதே கடலையை நீரில் வேகவைத்தால் அந்த நிறமும் மணமும் வருவதில்லை.

பொரித்தலில் பொருள் காய்ந்த எண்ணெயில் மூழ்கியோ மிதந்தோ வேகும். உருளைக்கிழங்குத் துண்டுகளை எண்ணெயில் போட்டபோது எழுந்த குமிழிகளைக் கதவோரம் நின்று பார்த்த என் மகள், எண்ணெய் கொதிப்பதாகவே நினைத்தாள். ஏறத்தாழ 180 டிகிரி சூட்டில் எண்ணெய் கொதிப்பதில்லை. கிழங்கிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதே குமிழியாகத் தெரிகிறது. சலசலப்பு அடங்கி, குமிழிகள் குறைந்தால் நீர் பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள். எங்கள் வீட்டில் பாட்டியும் காதால் கேட்டுத்தான் பதம் அறிவார்.

கொதித்தல், வேகுதல், காய்ச்சுதல் ஆகியவற்றையும் இதே போலப் பிரித்துக் காட்டலாம். தண்ணீர் வேகிறது என்றோ முட்டை கொதிக்கிறது என்றோ யாரும் சொல்வதில்லை: தண்ணீர் கொதிக்கும், அதில் முட்டை வேகும். பாலையோ காய்ச்சுகிறோம். பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர்தான் என்றாலும், நீரைப் போல அது அமைதியாகக் கொதிப்பதில்லை. புரதமும் கொழுப்பும் மேலே படலமாகத் திரண்டு ஆவியை அடைத்துக்கொள்வதால் பொங்கி வழிகிறது. பானங்களைப் பற்றி எழுதும்போது, சர்க்கரை நீரில் கரைகிறது, எண்ணெயை எவ்வளவு கலக்கினாலும் அது பிரிந்து மேலே வந்துவிடுகிறது என்பதைக் காட்டினால், கரைத்தலும் கலக்குதலும் வேறு என்பது தானே புலப்படும்.

ஆகவே, ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைப் பொருளாகத் தருவதை விட்டு, நீரிலா, எண்ணெயிலா, வெறும் சூட்டிலா, அப்போது கண்ணுக்கு என்ன தெரியும், காதுக்கு என்ன கேட்கும் என்பதை ஒவ்வொரு சொல்லுக்கும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்ற வார விளக்கத்துக்கும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். அந்தத் திருத்தத்தோடு, அடுப்பையும் காய்ந்த எண்ணெயையும் பெரியவர் உடனிருக்கும்போது மட்டுமே, அதுவும் தள்ளி நின்றே பார்க்க வேண்டும் என்ற வரியைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி