விடுதியும் ஒரு முகவரிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களில் பலருடைய பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லாததற்கு ‘இளைஞர்களின் அலட்சியமே முதற்காரணம்’ என்று தங்கள் தலையங்கத்தில் படித்தேன். பல ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அந்த ஒரு வரி என்னை மிகவும் புண்படுத்திவிட்டது.

சென்னையில் ஒரு கலைக் கல்லூரியின் விடுதிக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிக்கும் மாணவர், பெற்றோர் வீட்டு முகவரி, தங்கியிருக்கும் முகவரி ஆகிய இரண்டில் தாம் விரும்பும் ஒன்றில் பதிவு செய்துகொள்ளலாம் என்று தேர்தல் ஆணையமே வழிகாட்டியிருப்பது தாங்கள் அறியாததல்ல. அங்கீகாரம் பெற்ற, ஓராண்டுக்குக் குறையாத படிப்பாக இருக்க வேண்டும், கல்லூரி முதல்வரின் சான்று வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் சான்று வாங்கி, பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐ நிரப்பி, என் விடுதிப் பிள்ளைகள் வாக்காளர் பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ‘நீங்கள் வெளியூர்க்காரர்கள், சொந்த ஊரில் போய்ப் பதிந்துகொள்ளுங்கள்’ என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். வழிகாட்டுதலின் நகலை நானே எடுத்துச் சென்று காட்டினேன். அதை வாங்கிப் பார்க்கக்கூட அங்கே எவரும் முன்வரவில்லை. சான்றில் கையெழுத்திட்டால் நாளை ஏதாவது விசாரணை வரும் என்று அஞ்சித் தள்ளிப்போட்ட கல்லூரி நிர்வாகங்களையும் நான் அறிவேன். இதில் அந்தப் பிள்ளைகளின் அலட்சியம் எங்கே இருக்கிறது?

சரி, சொந்த ஊரிலாவது அவர்கள் பெயர் பத்திரமாக இருக்கிறதா? படிப்புக்காகத் தற்காலிகமாக வெளியே இருப்பதனாலேயே ஒருவர் தம் ஊரில் வசிப்பவர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950இன் 20ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 2025 நவம்பரில் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, கணக்கெடுப்புப் படிவத்தோடு அலுவலர்கள் வீடு தேடிப் போனபோது, பிள்ளை, பருவத் தேர்வுக்காக விடுதியில் இருந்தான்; பெற்றோர் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். குடும்பத்தில் இன்னொருவர் கையெழுத்திட்டுத் தரலாம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் நீங்கிய ஏறத்தாழ 97 லட்சம் பெயர்களில், 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை இடம்பெயர்ந்தோர், முகவரியில் இல்லாதோர் என்ற காரணத்தால் நீக்கப்பட்டவை. அவர்களில் மாணவர்கள் எத்தனை பேர் என்று தங்கள் நிருபர்கள் விசாரித்திருந்தால், அந்தத் தலையங்கம் வேறு விதமாக வந்திருக்கும். ஊரில் ‘போய்விட்டான்’ என்கிறார்கள். நகரத்தில் ‘வந்தேறி’ என்கிறார்கள். இந்தியக் குடிமகனான ஒரு 19 வயதுப் பிள்ளை எங்கேதான் வாக்களிப்பது?

விடுதி வாக்குகளைக் கட்சிகள் மொத்தமாக வளைத்துவிடும் என்று சொல்கிறார்கள். பதிவுப் படிவத்தில் பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஐயமுள்ளவர் படிவம் 7இல் ஆட்சேபம் எழுப்பலாம். இவ்வளவு காவல் இருக்கும்போது ஒரு விடுதியையே சந்தேகிப்பது என்ன நியாயம்? எங்கள் விடுதி வாசலில் கழிவுநீர் மாதக்கணக்கில் தேங்கி நின்றபோது, தெருவின் மறுமுனை வரை வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர்கள் விடுதிக்கு வராமலே திரும்பிப் போனார்கள். அங்கே வாக்கு இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஊரில் பெயர் இருப்பவர்கள் பாடும் எளிதல்ல. அஞ்சல் வாக்கு 85 வயது கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், படையினர், தேர்தல் பணியாளர்கள் முதலியோருக்கு உண்டு, மாணவருக்கு இல்லை. 2022 டிசம்பரில் ஆணையம் அறிவித்த, வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க உதவும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரமும் கட்சிகளின் எதிர்ப்போடு நின்றுபோயிற்று. வாக்குப்பதிவுக்கு விடப்படும் ஒரு நாள் விடுமுறையில், பேருந்துக் கட்டணத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு, இரவெல்லாம் நின்றபடியே தென்காசிக்கும் ராமநாதபுரத்துக்கும் போய், வாக்களித்துவிட்டு, மறுநாள் வகுப்புக்குத் திரும்பிய பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆக 1989இல் குறைத்தோம் என்று பெருமை பேசுகிறோம். ஆண்டுதோறும் தேசிய வாக்காளர் தினமான ஜனவரி 25 அன்று இதே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாக்காளர் உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். அவர்களையா அலட்சியக்காரர்கள் என்பது?

தலையங்கத்துக்கு மறுப்பு வெளியிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கல்லூரி முதல்வர் தர வேண்டிய சான்றின் மாதிரியையும், விண்ணப்பிக்கக் கடைசி நாளையும் மாவட்டப் பதிப்புகள் அனைத்திலும் ஒரு முறை வெளியிடுங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்த பிறகு பட்டியலில் பெயர் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே இதை அதற்குப் பல நாள் முன்னதாகவே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விடுதிக் காப்பாளர்,
சென்னை