சுமோ மல்லர்களின் முகங்கள்

அன்புள்ள முத்துக்குமார்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நான் அனுப்பியிருந்த ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களில் சுமோ மல்லர்கள் அனைவரும் ஒரே அச்சில் வார்த்தவர்களைப் போல இருப்பதாக எழுதியிருந்தாய். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய படங்களுக்கு அது பொருந்தும். ஆனால் கபுகி என்னும் ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகர்களை இன்னார் என்று அடையாளம் தெரியும்படி வரைந்து புகழ்பெற்ற கட்சுகாவா ஷுன்ஷோ (புகழ்பெற்ற ஓவியர் ஹொகுசாய் இளமையில் பயின்றது இவரிடம்தான்), 1780களில் அதே கண்ணோடு மல்லர்களையும் பார்த்தார். 1789ஆம் ஆண்டில் ஒருசேர யோகோசுனா என்னும் சுமோவின் மிக உயர்ந்த தகுதியைப் பெற்ற தனிகாஸேயையும் ஒனோகாவாவையும் அவர் படங்களில் மறுபடி பார். முன்னவரின் பேருருவமும், அவரைவிட உயரம் குறைந்த பின்னவரின் உடற்கட்டும் பெயரைப் படிக்காமலே தெரிந்துவிடும். 254 வெற்றிகளுக்குப் பத்தே தோல்விகள் கண்ட ராய்டென்னை ஷுன்ஷோவின் மாணவர் ஷுன்யெய் வரைந்தார். ஷராக்குவோ 1794இல், போட்டியிடாமல் களத்தில் நுழைந்து காட்டுவதற்காக மட்டுமே அழைத்துவரப்பட்ட தைதோசான் என்னும் சிறுவனை வரைந்தார். வியாபாரம் அன்றும் வியாபாரம்தான்.

எடோ (இன்றைய டோக்கியோ) நகரப் பெண்களுக்குப் பெரும்பாலும் போட்டியரங்கில் அனுமதி இல்லாத காலத்தில், மல்லர்களின் முகங்களை வீட்டுக்குள் கொண்டுவந்தவை இத்தகைய மலிவான படங்களே என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்.

பின்னாளில் குனிசாதா மூன்று தாள்களை இணைத்து வரைந்த கூட்டக் காட்சிகளில் முகங்களைவிட இடமே முதன்மை பெறுகிறது. எடோவில் 1657ஆம் ஆண்டு மூண்ட பெருந்தீயில் மாண்டவர்களுக்காக எழுப்பப்பட்ட எகோ-இன் கோயிலில் 1833 முதல் 1909 வரை போட்டிகள் தொடர்ந்து நடந்தன. மல்லர்கள் மோதும் மண்மேட்டின் மேல் நான்கு தூண்கள் தாங்கும் கூரையையும், தூணோரம் அமர்ந்திருக்கும் நடுவர்களையும் அக்காலப் படங்களில் காணலாம். பார்வையை மறைத்த அந்தத் தூண்களை 1952இல் அகற்றிவிட்டுக் கூரையை மேலிருந்து தொங்கவிட்டார்கள். பழைய அமைப்பை அறிய இப்படங்கள் நல்ல சான்று என்றாலும், கலையாக எனக்கு ஷுன்ஷோவே உயர்ந்தவர்.

குனிசாதாவின் மூன்று தாள்களையும் நகலெடுத்து அடுத்த வாரம் அனுப்புகிறேன். பேரனிடம் காட்டி, அவன் யார் பக்கம் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
சிவராமன்