தீசிஸோடு முடியாத ஆராய்ச்சி வேண்டும்: எலும்பு முறிவுத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் எலும்பு முறிவு சிகிச்சைத் துறையை நடத்தும் பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் தொழில் கற்றவன் நான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்து வரும் வயதானவர்களைத்தான் மேற்படிப்புக்கான ஆய்வேட்டுக்கு, அதாவது தீசிஸுக்கு, எடுத்துக்கொண்டேன். முப்பது பேர், சிகிச்சைக்குப் பின் ஆறு மாத ஃபாலோ அப். ஆறாவது மாதம் போன் போட்டால் பல எண்கள் வேலை செய்யவில்லை. ஒரு பாட்டியின் கேஸ் ஷீட்டில் இருந்தது அன்றைக்கு அவரை ஏற்றிவந்த ஆட்டோக்காரரின் எண், "எந்தப் பாட்டி சார்?" என்று கேட்டார். அந்தப் பாட்டி எழுந்து நடந்தாரா, படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தீசிஸ் மட்டும் பாஸாகிவிட்டது.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படிப்பே மூன்று வருடம், அதில் ஆய்வுத் திட்டத்தை எழுதிக் கொடுக்கும் சினாப்சிஸ், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம், தேர்வுக்கு முன்பே தீசிஸ் கொடுக்க வேண்டிய கெடு என்று கழித்துப் பார்த்தால் நோயாளியைத் தொடர்ந்து பார்க்க மிஞ்சுவது ஒன்றரை வருடம்கூட இருக்காது. அடுத்து வருகிறவருக்குப் புதுத் தலைப்பு, புது முப்பது பேர். பழைய முப்பது பேரை யாரும் தேடுவதில்லை. எலும்பு விஷயத்திலோ ஆறு மாதத்தில் தெரிவது கொஞ்சம்தான். எலும்பு கூடியதா என்று எக்ஸ்ரே சொல்லும், அந்தக் காலோடு அவர் மறுபடி வயலில் இறங்கினாரா என்று சொல்லாது.

நம் ஊரில் இது முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், ஏனென்றால் முடிந்திருக்கிறது. முதுகெலும்புக் காசநோய்க்கு 1970களில் சென்னையில் தொடங்கிய ஆய்வைத்தான் சொல்கிறேன். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையமும் நகரின் அரசு மருத்துவமனைகளும் சேர்ந்து, கால்கள் செயலிழக்காத நோயாளிகளை மூன்று பிரிவாக்கின: ஒரு பிரிவுக்கு பெரிய அறுவை சிகிச்சையோடு ஆறு மாத மருந்து, மற்ற இரண்டு பிரிவுக்கும் கத்தியே இல்லாமல் ஆறு மாதம் அல்லது ஒன்பது மாதம் மருந்து, அதுவும் வீட்டிலிருந்து வந்துபோய். பத்து ஆண்டு விடாமல் பார்த்தார்கள். முடிவு 1999இல் வெளியானது: மூன்று பிரிவிலும் 90 சதவீதமோ அதற்கு மேலோ நல்ல நிலையில் இருந்தார்கள். எத்தனை ஏழைகளைக் கத்தி வைக்காமல் காப்பாற்றிய பதில் அது! செல்போன் இல்லாத காலத்தில் வாங்கிய பதில்.

கோவை கங்கா மருத்துவமனையின் ஸ்கோரும் அப்படித்தான். எலும்பு வெளியே தெரியும்படி நசுங்கிய காலை வைத்துக் காப்பாற்றலாமா, எடுத்துவிடுவதா என்று நள்ளிரவில் முடிவு செய்ய உதவும் அந்தக் கணக்கு, 109 கால் முறிவுகளை வரிசையாகப் பதிந்து தொடர்ந்து பார்த்ததில் உருவாகி 2006இல் வெளிவந்தது. விபத்து கேஸ் நம் அரசு மருத்துவமனைகளில் குறைச்சலா என்ன? விபத்தில் அடிபட்டவர்களுக்கான அரசுத் திட்டம் 'நம்மைக் காக்கும் 48' வந்த பிறகு முதல் 48 மணி நேரத்துக்குப் பணம் பற்றிய கவலையும் குறைந்திருக்கிறது. ஆனால் 48ஆவது மாதத்தில் அந்த ஆள் எப்படி இருக்கிறார்?

அப்புறம் நாட்டுக் கட்டு. புத்தூர் கட்டு போட்டுவிட்டு மூன்று வாரம் கழித்துக் கை வளைந்து வரும் பிள்ளைகளை ஓ.பி.யில் திட்டி அனுப்புகிறோம். எந்த முறிவு கட்டிலேயே சரியாகிறது, எது கெட்டுப்போகிறது, ஏன் அங்கே முதலில் போகிறார்கள் என்று பத்து வருடம் எழுதி வைத்தால் உலகத்தில் வேறு யாராலும் தர முடியாத ஆராய்ச்சி அது. அதற்கான நோயாளிகள் நம் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ இல்லை. ஒவ்வொரு துறையும் ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்துப் பத்து வருடத்துக்குப் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு பேட்ச் சேர்த்த நோயாளிகளை அடுத்த பேட்ச் வாங்கிக்கொள்ளட்டும், அப்படி வாங்கிப் பார்த்ததையே தீசிஸாகப் பல்கலைக்கழகமும் ஏற்கட்டும். ஆய்வுக் கட்டுரையில் பேரைப் போட்டுக்கொள்வதில் சண்டை வரும் என்பது தெரியும். அதை முதல் நாளே எழுதி வைத்துவிடலாம். கேஸ் ஷீட்டில் இரண்டு போன் எண் இருக்கட்டும், ஒன்று கட்டாயம் உறவுக்காரருடையது. கூப்பிட்டுப் பேச ஒரு ஆள், வந்துபோகப் பஸ் காசு.

எலும்பில் கம்பி வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர் செக்கப்புக்கு நூறு கிலோமீட்டர் உங்களிடம் வருவதில்லை, என்னைப் போன்றவர்கள் இருக்கும் தாலுகா மருத்துவமனைக்குத்தான் வருகிறார். எக்ஸ்ரேயை நாங்களே எடுக்கிறோம், நடக்கவைத்தும் பார்க்கிறோம். எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் சார்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்