மேகத்தின் உச்சியும் உள்ளிருக்கும் பனியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகும்போதெல்லாம் நாளிதழ்களில் வெளியாகும் செயற்கைக்கோள் படத்தில் எந்த இடம் மிக வெண்மையாக இருக்கிறதோ, அங்கேதான் மழை கொட்டுகிறது என்று வாசகர்களில் பலர் கருதுகிறோம். இன்சாட் செயற்கைக்கோள்களின் வெப்ப அகச்சிவப்புப் படம் உண்மையில் காட்டுவது மேக உச்சியின் வெப்பநிலையைத்தான். இடிமேகத்தின் தலையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தூரம் பரந்து கிடக்கும், பனிக்கட்டிப் படிகங்களாலான பனிமேகமும், அடியில் பெருமழை பெய்துகொண்டிருக்கும் மேகத்தின் மையமும் அதில் ஏறத்தாழ ஒரே வெண்மையாகத் தெரியக்கூடும். உள்ளே எவ்வளவு பனி இருக்கிறது என்பதை அறிய வேறு கருவிகள் வேண்டும். அவற்றில் நம் நாடு மீண்டும் அக்கறை காட்ட வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

பனிமேகத்தை அளப்பது கடினமான வேலை. அதன் படிகங்கள் சில மைக்ரான் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) முதல் சில மில்லிமீட்டர் வரை பல அளவுகளிலும், தட்டு, தூண், கொத்து எனப் பல வடிவங்களிலும் இருக்கின்றன. ரேடாரின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில் விட்டம் இரு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகிவிடும் என்பதால், ரேடார் பெரிய படிகங்களையே எடுப்பாகக் காண்கிறது. லேசர் ஒளியை அனுப்பும் லைடாரில் அதே மாற்றம் ஏறத்தாழ 4 மடங்காகவே தெரியும். ஆகவே அது நுண்ணிய படிகங்களையும் விடாமல் காண்கிறது, ஆனால் தடித்த மேகத்தில் பாதியிலேயே ஒளி மங்கிவிடுகிறது. உருண்டையான நீர்த்துளியிலிருந்து திரும்பும் ஒளியின் முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை) பெரிதும் மாறாதிருக்க, படிகத்திலிருந்து திரும்பும் ஒளியில் அது மாறிவிடுவதைக் கொண்டு பனியையும் நீரையும் பிரித்தறிகிறார்கள். மேகத்துளிகள் மைனஸ் 38 டிகிரி செல்சியஸ் வரை உறையாமல் நீராகவே இருக்கக்கூடும் என்பதால், வெப்பநிலையை மட்டும் வைத்து இதை முடிவுசெய்ய இயலாது.

2006-இல் ஒரே ராக்கெட்டில் ஏவப்பட்ட கிளவுட்சாட், கலிப்சோ ஆகிய இரு செயற்கைக்கோள்களும் இவ்விரு கருவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கவிட்டு, 2023-இல் பணியை முடித்துக்கொண்டன. 2024 மே மாதம் ஏவப்பட்ட ஐரோப்பிய-ஜப்பானிய எர்த்கேர் இரண்டையும் ஒரே செயற்கைக்கோளில் சுமக்கிறது. படிகங்கள் விழும் வேகத்தையும் அதன் ரேடார் அளக்கிறது. எனினும் அது தன் பாதைக்கு நேர் கீழே உள்ள மெல்லிய கீற்றை மட்டுமே ஊடுருவிப் பார்க்கிறது. எந்த ஊரின் மேல் சென்றாலும் உள்ளூர் நேரப்படி பிற்பகல் அல்லது பின்னிரவு 2 மணியை ஒட்டியே செல்கிறது. மாலையில் எழுந்து நள்ளிரவில் கலையும் நம் இடிமேகங்களின் வளர்ச்சியை இத்தகைய பாதையிலிருந்து தொடர்ந்து காண முடியாது.

அதற்கு வழிகாட்டியது நமது ஸ்ரீஹரிகோட்டாதான். 2011 அக்டோபர் 12-இல் இஸ்ரோ ஏவிய இந்திய-பிரெஞ்சு மேகா-டிராபிக்ஸ், நிலநடுக்கோட்டுக்கு 20 டிகிரி சாய்ந்த பாதையில் சுற்றி, வெப்பமண்டலத்தின் ஒரே பகுதியை நாளொன்றுக்குப் பல முறை பார்த்தது. அதிலிருந்த மெட்ராஸ் என்னும் நுண்ணலைக் கருவியின் 157 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, கீழிருந்து எழும் கதிர்வீச்சை மேகப்பனி சிதறடிப்பதை அளக்கவென்றே அமைக்கப்பட்டது. அக்கருவி 2013 ஜனவரியிலேயே செயலிழந்தது பெரும் இழப்பு. வெப்பமண்டலப் பனிமேகங்கள் ஒரு நாளுக்குள் மாறுவதை இன்னும் உயர்ந்த அதிர்வெண்களில் அளக்க, 2023-இல் நாசா தனித் திட்டமொன்றைத் தேர்ந்தெடுத்தது. இவை நம் தலைக்கு மேலே நிற்கும் மேகங்கள். இவற்றை அளப்பதில் நாம் பின்தங்குவது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது.

திருப்பதி அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகம் 1998 முதலே லைடார் கொண்டு கீற்று மேகங்களை, அதாவது உயரத்தில் பரவும் மெல்லிய பனிமேகங்களை, ஆராய்ந்து வருகிறது. ஆகவே விண்ணிலிருந்து கிடைக்கும் அளவைத் தரையிலிருந்து சரிபார்க்கும் அனுபவமும் நம்மிடம் உண்டு. மேகா-டிராபிக்ஸின் பாதையிலேயே, பனியை அளக்கும் உயர் அதிர்வெண் கருவியுடன் அடுத்த செயற்கைக்கோளை அனுப்ப மத்திய அரசு நிதி ஒதுக்க வேண்டும். தங்கள் நாளிதழும் இனி அகச்சிவப்புப் படத்தை வெளியிடும்போது, அதில் காண்பது மேக உச்சியின் வெப்பநிலை, மழையின் அளவு அன்று என்று படத்தின் கீழ் ஒரு வரி சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருவள்ளூர்.