அந்த வைஃபையில் நெட் வராது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

தண்டையார்பேட்டை,
சென்னை.

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சில நாட்களாகச் சாயங்காலம் ஆனால் நம் பள்ளிக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, டீக்கடைப் பக்கமாக, நாலைந்து தம்பிகள் போனை நீட்டியபடி நிற்கிறார்கள். "நம்ம பள்ளி" என்று ஒரு வைஃபை தெரிகிறது, பாஸ்வேர்டும் கேட்கவில்லை, ஆனால் ஒன்றும் ஓட மாட்டேன் என்கிறது என்று அதில் ஒருவர் வாட்ச்மேனிடம் சண்டைக்கே போயிருக்கிறார். "ஸ்கூல்ல ஃப்ரீ நெட் விட்டுருக்காங்க" என்று தெருவெல்லாம் பேச்சு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்டீர்கள். வராதவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த வைஃபையில் நெட் கிடையாது. யூடியூப் வராது, இன்ஸ்டாகிராம் வராது, கிரிக்கெட் ஸ்கோரும் வராது. கம்ப்யூட்டர் அறை பீரோவின் மேல் ஒரு கைக்குள் அடங்குகிற சின்னக் கணினி இருக்கிறது. பாட வீடியோக்கள், கதைகள், கலைக்களஞ்சியம், பயிற்சிக் கணக்குகள் எல்லாம் அதற்குள்ளேயே ஏற்றியாகிவிட்டது. பிள்ளை கையில் இருக்கும் டேபுக்கு அதிலிருந்து பாடம் வந்து சேருவதற்குத்தான் வைஃபை. அந்தக் கணினிக்கு வெளியிலிருந்து கேபிளும் வரவில்லை, சிம்மும் போடவில்லை. நெட் குழாயில் வருகிற தண்ணீர் என்றால், இது லாரி வந்தபோது டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர். குழாய் காய்ந்த நாளிலும் மொண்டுகொள்ளலாம். ஆனால் அவ்வப்போது டிரம்மைக் கழுவிப் புதிதாகப் பிடிக்க வேண்டும். அந்த வேலை எங்களுடையது.

எதற்கு இது என்று கேட்பவர்கள் பிள்ளையின் பாடப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். 2018-ல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியதிலிருந்து பாடங்களுக்கு நடுவே கறுப்பு வெள்ளைக் கட்டமாக க்யூஆர் கோடு அச்சாகியிருக்கிறது. போனைக் காட்டினால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் போன் யாரிடம் இருக்கிறது? அப்பாவோடு ஹார்பருக்குப் போய்விடும், அல்லது அம்மாவோடு காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போய்விடும். ராத்திரி அது வீடு திரும்பும்போது அன்றைய ஒன்றரை ஜிபி தீர்ந்திருக்கும், இல்லையென்றால் சார்ஜ் தீர்ந்திருக்கும். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பில் ஒரே போனை வைத்துக்கொண்டு அண்ணன், தங்கை, தம்பி மூன்று பேரும் முறை போட்டது உங்களுக்கு மறந்திருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரன்டும் போனது, டவரும் போனது. பிள்ளை படிப்பதும் படிக்காததும் ரீசார்ஜைப் பொறுத்து இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் எண்ணம்.

இனி அந்தச் சின்னக் கணினிப் பெட்டியைப் பற்றி. அதன் பெயர் ராஸ்பெரி பை. பிள்ளைகள் குறைந்த விலையில் கணினி கற்க வேண்டும் என்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் உள்ள ஓர் அறக்கட்டளை உருவாக்கியது. 2012-ல் விற்பனைக்கு வந்தது. நம்முடையது அதில் நான்காவது மாடல். திரை, கீபோர்டு எதுவும் இல்லாத வெறும் பலகை, ஏடிஎம் கார்டு அளவுதான். கணினி, மெமரி கார்டு, ரவுட்டர், கரன்ட் போனால் தாங்குகிற சின்ன யூபிஎஸ் எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கினோம்; ₹15,000-க்குள் முடிந்தது. பணம் முன்னாள் மாணவர்கள் கொடுத்தது. உங்களிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். "கம்ப்யூட்டர் ஃபீஸ்" என்று யாராவது வந்து நின்றால் நேராக என்னிடம் சொல்லுங்கள். கரன்ட் பில்லும் பெரிதாக ஏறாது. 15 வாட்டைத் தாண்டாத சாமான் இது. நாள் முழுக்க ஓடினாலும் அரை யூனிட் ஆகாது.

ஏற்றுகிற வேலையை நம் அறிவியல் ஆசிரியர் பார்த்துக்கொண்டார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். மெமரி கார்டில் முதலில் இயங்குதளம், அதன் மேல் கோலிப்ரி, கிவிக்ஸ் என்று இரண்டு மென்பொருள்கள். இரண்டும் இலவசம், இரண்டும் நெட் இல்லாத இடங்களுக்காகவே எழுதப்பட்டவை. கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்தின் பாடங்களை நெட் இல்லாமல் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் சிலர் 2012-ல் தொடங்கிய வேலையின் தொடர்ச்சிதான் கோலிப்ரி. கிவிக்ஸ் விக்கிப்பீடியாவை மொத்தமாகச் சுருட்டி ஒரே கோப்பாகத் தருகிறது. ஏற்றுவதை விடப் பதிவிறக்குவதுதான் பெரிய வேலை. ஆசிரியர் வீட்டு ஃபைபர் லைனில் ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்ப்பார். ஆங்கில விக்கிப்பீடியாவைப் படங்களோடு முழுதாக எடுத்தால் 100 ஜிபிக்கு மேல் வரும்; நமக்கு அது கட்டுப்படியாகாது. எளிய ஆங்கிலத்தில் தனியாக ஒரு விக்கிப்பீடியா உண்டு, அதைப் போட்டோம். நம் பிள்ளைகளுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

உள்ளே இருப்பவற்றில் எனக்கு மிகப் பிடித்தது தமிழ் விக்கிப்பீடியா. 2003-ல் தொடங்கியது, ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் ராயபுரம் என்று தேடிப் பார்த்து, தான் தினமும் தாண்டி வருகிற அந்த ரயில் நிலையம் 1856-ல் கட்டியது, தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது என்று படித்துவிட்டு, "நிஜமா மிஸ்?" என்று என் அறைக்கே வந்துவிட்டாள். சொல்லிக் கொடுத்தால்கூட இப்படி ஓடி வந்திருக்க மாட்டாள்.

சின்ன வகுப்புகளுக்கு பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் கதைகள், தமிழிலேயே, படங்களோடு. நான்கு வரிக் கதையிலிருந்து பெரிய கதை வரை படிப்படியாக ஏறும். மேல் வகுப்புகளுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் செய்த ஃபெட் செயல்விளக்கங்கள். பல தமிழிலும் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு மின்னியல் பாடத்துக்கு இதை வைத்துப் பார்த்தோம். திரையில் பேட்டரி, பல்பு, வயர் எல்லாம் கிடக்கும். பிள்ளை விரலால் இழுத்து இழுத்துச் சேர்த்தால் பல்பு எரியும். பல்பை விட்டுவிட்டு வயரை நேராக பேட்டரியின் இரண்டு முனைக்கும் கொடுத்தால் தீப்பிடிக்கும், திரையில்தான். வகுப்பே திரும்பத் திரும்பத் தீ வைத்துக்கொண்டிருந்தது. ஆசிரியர் தடுக்கவில்லை. ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்று அதன் பிறகு அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். கணக்கு வீடியோக்கள் நாங்கள் ஏற்றியவரை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. எங்கள் ஆசிரியர் ஒலியை நிறுத்திவிட்டுத் தானே தமிழில் சொல்லி நடத்துகிறார். தமிழில் நல்லதாகக் கிடைத்தால் முதலில் அதைத்தான் ஏற்றுவோம். பாடநூல்களின் பிடிஎஃப் கோப்புகளையும் வைத்திருக்கிறோம். மழையில் புத்தகம் நனைந்துபோன பிள்ளைக்கு உதவும். சினிமாப் படம் ஒன்றிரண்டு போடலாமே என்று ஒரு தந்தை கேட்டார், கடையில் விற்கிற கைடுகளை ஸ்கேன் செய்து போடச் சொன்னார் இன்னொருவர். இரண்டும் நடக்காது. இலவசமாகப் பகிரலாம் என்று செய்தவர்களே அனுமதி கொடுத்தவை மட்டும்தான் இதில் இருக்கும். அதனால் ஒரு வசதியும் உண்டு: பக்கத்துப் பள்ளி கேட்டால் ஒரு ஹார்டு டிஸ்கில் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"மிஸ், பொண்ணு கையில போன் குடுத்தா எங்கெங்கயோ போயிடுது" என்று ஓர் அம்மா வருத்தப்பட்டார். பயம் நியாயமானது. இந்தப் பெட்டியில் போவதற்கு வேறு இடம் இல்லை. ஒரு வீடியோ முடிந்தால் முடிந்ததுதான். விளம்பரமும் வராது, "அடுத்து இதைப் பார்" என்று எங்கிருந்தோ ஒன்று வந்து நிற்கவும் நிற்காது. முன்பின் தெரியாத ஆள் மெசேஜ் அனுப்பவும் வழியில்லை. பிள்ளையின் பெயரும் மதிப்பெண்ணும் பெட்டிக்குள்ளேயே இருக்கும், வெளியே போகாது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியா கலைக்களஞ்சியம் என்பதால் உடல், பருவ மாற்றம், நோய் பற்றிய கட்டுரைகளும் அதில் இருக்கும். அவற்றை எடுத்துவிடுங்கள் என்று இருவர் கேட்டீர்கள். நான் எடுக்கப் போவதில்லை. அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம் அது. தெருவில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட இங்கே படித்துவிட்டு டீச்சரிடம் கேட்கட்டும்.

இன்னொரு கேள்வி: "இது வந்துட்டா டியூஷனை நிறுத்திடலாமா?" நிறுத்துவது உங்கள் விருப்பம். ஆனால் இந்தப் பெட்டியை நம்பி நிறுத்தாதீர்கள். கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளைக்கு வீடியோ பத்து தடவை ஓடினாலும் தெரியாமலே போகலாம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நோட்டைப் பார்க்க வேண்டும். யார் எந்தப் பயிற்சியைச் செய்தார்கள், எங்கே தடுக்கினார்கள் என்று கோலிப்ரி ஆசிரியருக்குக் காட்டும். யார் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பெட்டி அந்த ஒன்றுக்காகவே வாங்கத் தகுந்தது.

கூட்டத்தில் ஒரு தந்தை கூர்மையாக ஒன்று கேட்டார்: கரன்ட் போய் வந்தால் இதில் பதிவாகிற தேதி சரியாக இருக்குமா? நல்ல கேள்வி. இந்தக் கணினிக்குள் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. சாதாரணமாக நெட்டிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும். நமக்கு நெட் இல்லாததால், அணைந்து எழுந்தால் நின்ற இடத்திலிருந்தே எண்ண ஆரம்பிக்கும். அதற்காகப் பட்டன் செல் போட்ட ஒரு கடிகாரச் சில்லை ஆசிரியர் பொருத்தியிருக்கிறார். திடீரென்று கரன்ட் போனால் மெமரி கார்டும் கெட்டுப்போகும் என்பதால்தான் யூபிஎஸ். கார்டின் நகல் ஒன்று என் பீரோவில் இருக்கிறது.

நடைமுறைக்கு வருகிறேன். பள்ளி நேரத்தில் ஒரு வகுப்பில் பாதிப் பேராகத்தான் உட்கார வைக்கிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ போட்டால் வேகம் இறங்கிவிடுகிறது. பள்ளி விட்ட பிறகு திங்கள் முதல் வியாழன் வரை 5 மணி வரை கம்ப்யூட்டர் அறை திறந்திருக்கும். அதற்குமேல் இருக்காது, இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீடு சேர வேண்டும். பிள்ளை அங்கே இருக்கலாமா என்பதைக் கீழே உள்ள சீட்டில் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து இல்லாமல் யாரையும் உட்கார வைக்க மாட்டோம்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4.30-க்கு நீங்களே வந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா என்று யோசித்தோம். காசிமேட்டில் ஞாயிறு காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? உங்கள் போனிலேயே பார்க்கலாம். முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பிறகு "நம்ம பள்ளி" வைஃபையைத் தொடுங்கள். "இதில் இன்டர்நெட் இல்லை, தொடரவா?" என்று போன் கேட்கும், ஆம் என்று அழுத்துங்கள். இந்த இடத்தில்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள், சுவரோரம் நிற்கும் தம்பிகள் உட்பட. அதன் பிறகு குரோமில் 192.168.4.1 என்று அடித்தால் ஆசிரியர் தமிழில் எழுதி வைத்த முதல் பக்கம் வரும். டேட்டாவை அணைக்க மறந்தால் போன் தானாகவே சிம்முக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது.

உங்கள் வீட்டில் சும்மா கிடக்கிற பழைய ஸ்மார்ட் போன் இருந்தால் கொடுத்து உதவுங்கள். சிம் வேண்டாம், பேச முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, கண்ணாடியில் கீறல் இருந்தாலும் எடுத்துக்கொள்வோம். படங்கள், வாட்ஸ்அப், கூகுள் கணக்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். அழிக்கத் தெரியாவிட்டால் ஆபீஸில் உங்கள் கண் முன்னாலேயே அழித்துத் தருவோம். பேட்டரி உப்பிய போன் மட்டும் வேண்டாம், அது ஆபத்து. பிள்ளைகள் தங்கள் போனைப் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்ற விதி மாறவில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

(இந்தக் கோட்டோடு கிழித்து, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும்)
மாணவர் பெயர், வகுப்பு: ..........
பள்ளி முடிந்தபின் 5 மணி வரை கம்ப்யூட்டர் அறையில் இருக்கலாம் / வேண்டாம்
அழைத்துப்போக வருபவர் / தானாக வருவார்: ..........
பழைய போன் தர இயலும் / இயலாது (சார்ஜர் உண்டு / இல்லை)
பெற்றோர் கையொப்பம்: ..........