கொப்பியில் எழுதாத கவலை

அன்பு மகனுக்கு,

நேற்றுப் போனில் நீ கதைத்தது இன்னும் காதில் நிற்கிறது. வேலை ஒப்பந்தம் முடியப்போகிறது, வீட்டுக்கடன் இருக்கிறது, இரவு மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை என்றாய். கடைசியில், "ஜெபிக்கத்தான் செய்கிறேன் அம்மா, ஜெபிக்கும்போதும் அதைத்தான் யோசிக்கிறேன்" என்று சொன்னபோது, ஏதோ பிழை செய்தவன் மாதிரி உன் குரல் இறங்கிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன்.

ராசா, அது பிழையே இல்லை. மத்தேயு 26ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசி. கெத்செமனே தோட்டத்தில், பிடிபடுகிற அந்த இரவில், இயேசு தன் துக்கத்தை மறைக்கவில்லை. கூட வந்தவர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். மூன்று தரம் போய் ஜெபித்தார், மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளையே சொன்னார் என்று எழுதியிருக்கிறது. அவரே சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கும்போது, நீ ஒரே கவலையை ஒவ்வொரு இரவும் கொண்டுபோனால் விசுவாசம் இல்லை என்று யார் சொல்வது? "இந்தப் பாத்திரம் நீங்கட்டும்" என்று தன் பாடுகளைக் குறித்து அவர் கேட்ட மாதிரி அது நீங்கவும் இல்லை. ஆனால் ஜெபித்து எழும்பி வந்தவர், "எழுந்திருங்கள், போவோம்" என்றார். அந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிற்பேன்.

என்னுடைய தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி உனக்கு ஞாபகம் இருக்கும். இடப்பக்கம் திகதி போட்டுக் கவலையை எழுதி ஜெபிப்பேன், வலப்பக்கத்தை வெறுமையாக விடுவேன். நேற்றிரவு அதை எடுத்துப் புரட்டினேன். 2004 டிசம்பர் 24 இரவு எழுதியிருந்தது: "மகனுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கக் காசு போதாது." அவ்வளவுதான். உனக்கு அப்போது எட்டு வயது. இரண்டாம் நாள் காலை கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆராதனைக்குப் போயிருந்தோம். வீட்டுக்குத் திரும்பியபோது கொப்பி அலுமாரித் தட்டில் நனைந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் "சப்பாத்து" என்ற சொல் மை கரைந்து நீலப் புள்ளியாகத்தான் இருக்கிறது. தாள் காய்ந்து வளைந்து, விரலால் தடவினால் இன்னும் உப்புப் பிடித்த மாதிரிச் சொரசொரக்கிறது.

நான் கவலைப்பட்டது ஒன்று, வந்தது வேறொன்று. வந்ததற்காக ஒரு இரவும் முழித்திருக்கவில்லை. முழித்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க மாட்டேன். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்ற வசனம் அதுவரைக்கும் எனக்கு மனப்பாட வசனம் மட்டும்தான்.

ஜெபித்ததால் தப்பினோம் என்று நான் சொல்ல மாட்டேன், மகன். பக்கத்து வளவில் இருந்தவர்களும் ஜெபிக்கிற சனங்கள். அவர்கள் ஒரு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தார்கள். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அந்தத் தாயோடு கன நாள் சும்மா பக்கத்தில் இருந்தேன், அதுவும் ஜெபம்தான் என்று நினைக்கிறேன்.

நம்முடைய வேதாகமத்தில் ஒரு சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். 94ஆம் சங்கீதத்தில் "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில்" என்று வருகிறது. பேதுரு எழுதும்போது, "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்கிறார். நமக்கு இருப்பது விசாரம், அவர் செய்வது விசாரிப்பு. சுகமில்லாத வீட்டுக்கு ஆட்கள் போய் விசாரிப்பார்களே, அப்படித்தான். வாசலில் வந்து நிற்கிறவரிடம் "எல்லாம் சரி" என்று சொல்லி அனுப்பாதே.

அதனால் "என் கவலைகளை நீக்கும்" என்று மொத்தமாக ஜெபிக்க வேண்டாம். எந்த மாதத் தவணை, எவ்வளவு, எதை நினைத்து நெஞ்சு படபடக்கிறது, பெயர் சொல்லிச் சொல். பவுல் சிறையில் இருந்துகொண்டு பிலிப்பியருக்கு எழுதினபோது விண்ணப்பத்தை ஸ்தோத்திரத்தோடு, அதாவது நன்றியோடு, சொல்லச் சொன்னார். பெரிதாக ஒன்றும் தேவையில்லை, அன்றைக்கு நடந்த ஒரு நல்லதைச் சொன்னால் போதும். சொல்லி முடித்ததும் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையைச் செய். அது வங்கிக்கு ஒரு போன் எடுப்பதாக இருக்கலாம்.

டொக்டரிடமும் போ. இத்தனை நாள் நித்திரை இல்லாமல் இருப்பது நல்லதல்ல. ஜெபிக்கிறவன் மருந்து எடுக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதே. லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்றுதான் எழுதினார்.

இங்கே திருகோணமலையில் வறண்ட கச்சான் காற்று தொடங்கிவிட்டது. விடிய ஐந்து மணிக்கு எழும்பினால் கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு நம் வேலியோடு நிற்கின்றன. அப்பா அதற்குள் டச்சுக்குடாப் பக்கம் நடக்கப் போய்விடுவார். நான் தேத்தண்ணியோடு முன் விறாந்தையில் இருந்து உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் நேரம், உனக்கு முதல் நாள் இரவு ஏழரை. அந்த நேரத்துக்குப் போன் எடு. கதைக்க மனமில்லாவிட்டால் லைனில் மட்டும் இரு, நான் ஜெபிக்கிறேன்.

பிள்ளை இல்லாத அன்னாள் ஆலயத்தில் அழுது ஜெபித்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டாள் என்று சாமுவேல் புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை அப்போது கிடைக்கவில்லை, அதற்கு முதலே சாப்பிட்டாள். போன் எடுத்ததும் என்ன சாப்பிட்டாய் என்றுதான் முதலில் கேட்பேன்.

உன் அம்மா